ஆர்டிஸ் தண்ணீரில் படுத்த கோடை

எங்கள் வின்ஸ்லெட் ஊரில் ஏரியைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் ஆர்டிஸ் கோல்ஸ்டாடிடம்தான் போய்க் கேட்பார்கள். அவள் நகராட்சிச் செயலர். ஏரியின் வரைபடம் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. எந்த இடத்தில் எத்தனை அடி ஆழம், எந்தக் கரை யாருக்குச் சொந்தம், தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி வீடு கட்டலாம் என்றெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். அந்த ஏரியில் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கணவன் லைலுக்கு மட்டும் தெரியும். அவன் அதைச் சொல்ல வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை.

பத்தொன்பது மைல் தள்ளி, மேற்கே, ஏரியே இல்லாத பகுதியில் ஒரு பண்ணையில் பிறந்தவள் அவள். கோடை என்றால் அவர்களுக்கு வைக்கோல் வேலை. ஏரி என்பது நேரம் மிச்சம் இருக்கிறவர்களுக்கு என்று அவள் அப்பா சொல்லுவாராம். பிறகு கல்யாணமாகி ஏரிக்கரை ஊருக்கு வந்தாள். லைல் மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போவான். அவள் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு, படகின் நட்டநடுவில், பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். தூரத்திலிருந்து பார்த்த நாங்கள் அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஏரிகள் நிறைந்த எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஏரிக்கரையில் வாழ்ந்துகொண்டு நீந்தத் தெரியாது என்று சொல்வது கொஞ்சம் கூச்சமான காரியம். முப்பது வயதுக்குள் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

வேலி போட, கொட்டகை கட்ட, நாய் வளர்க்க, காய்ந்த இலையைக் கொளுத்த, கல்யாணத்துக்குத் தெருவை அடைக்க, எல்லாப் பர்மிட்டும் அவள் மேசையைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் வேலையில் பிசகு கண்டவர்கள் கிடையாது. ஒரே ஒரு பழக்கம் உண்டு. தட்டச்சு செய்துகொண்டே இருப்பாள், திடீரென்று விரல்கள் நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே ஏரி. அதைப் பார்த்தபடி ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். எதிரே ஆள் காத்திருப்பான். எந்த விதி பொருந்தும் என்று யோசிக்கிறாள் போலும் என்று அவனும் பேசாமல் நிற்பான். நானே அப்படி நின்றிருக்கிறேன். என் இரும்புக்கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டப் பர்மிட் கேட்டுப் போனபோது அவள் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். அலையே இல்லாத தண்ணீர். லூன் என்கிற நீர்ப்பறவை ஒன்று முங்கியது. அது எங்கே எழும்பும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். எழும்பியதும் அவள் ஒன்றும் நடக்காததுபோல் என் பர்மிட்டில் முத்திரை குத்தினாள்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஏப்ரல் கூட்டத்தில்தான் இந்தக் கதை ஆரம்பமாகிறது. அப்போது நான் ஐந்து கவுன்சிலர்களில் ஒருவன். மேயர் மெர்ல் ஹௌகனையும் சேர்த்துத்தான் ஐந்து. பூங்கா நிதியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. படகுத்துறையை இன்னும் நாற்பது அடி நீட்டலாம் என்று மெர்லுக்கு ஆசை. எனக்கும்தான். துறை நீண்டால் வெளியூர்ப் படகுகள் வரும், படகில் வருகிறவர்கள் என் கடைவரை நடந்து வருவார்கள். இதை மறைத்து இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை.

அன்றைக்கு ஜோலீன் மாட்டிலா எழுந்து நின்றாள். குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், கோடையில் பூங்காவுக்குப் பொறுப்பு. பிள்ளைகளுக்கு வருடாவருடம் நீச்சல் கற்றுத்தருகிறவள்.

"பெரியவங்களுக்கும் ஒரு வகுப்பு வேணும்," என்றாள். "காலைல ஆறு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும். ஆறு வாரம்."

மெர்ல் சிரித்தார். "பெரியவங்களா? நம்ம ஊர்ல நீந்தத் தெரியாத பெரியவங்க எங்கம்மா இருக்காங்க?"

"பிள்ளைங்கள கரைல விட்டுட்டு, முட்டிக்கு மேல தண்ணி படாம நிக்கிறாங்களே, அவங்கதான்."

கவுன்சிலர்களில் ஒருவர் காபியைக் கலக்கத் தொடங்கினார். ஏற்கெனவே கலக்கிய காபி.

அப்போதுதான் நான் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். மே மாதக் கூட்டத்துக்குள் எட்டுப் பேர் பெயர் கொடுத்தால் வகுப்பு, இல்லாவிட்டால் அந்த நிதி படகுத்துறைப் பலகைக்கு. நியாயமாகத்தான் ஒலித்தது. எட்டுப் பேர் தேறமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எட்டு என்றேன். ஆர்டிஸ் தலைகுனிந்து எழுதிக்கொண்டாள்.

பெயர்த் தாள் அவள் அலுவலகத்து நோட்டீஸ் பலகையில் ஏறியது. முதல் வாரம் ஒரு பெயரும் இல்லை. நாய்க்கு லைசென்ஸ் வாங்க வந்தவர்கள் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மரநாற்று விற்பனை அறிவிப்பை ரொம்ப நேரம் படித்தார்கள். இரண்டாவது வாரம் பள்ளிச் சமையலறையில் வேலைபார்க்கும் மாய் ஷியோங் நேராக வந்து எழுதிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

ஹார்லன் ப்ரெக்கே எழுபத்தோரு வயதுக்காரர். மாடுகளை விற்றுவிட்டுச் சும்மா இருந்தவர். ஒரே கொட்டகைக்குப் பர்மிட் கேட்டு மூன்று முறை வந்துவிட்டார். மூன்றாவது முறை நானும் அங்கே இருந்தேன்.

"மறுபடியும் கொட்டகையா, ஹார்லன்?" என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா. கதவு எந்தப் பக்கம்னு அன்னிக்குச் சரியா சொல்லலியோன்னு ஒரு சந்தேகம்."

"கதவுக்குப் பர்மிட் வேண்டாம்."

"வேண்டாமா?" அவர் கண் தாளின் பக்கம் போய்த் திரும்பியது. "இந்தக் காலை வகுப்பு இருக்கே... பேரு எழுதினா எல்லாரும் பாப்பாங்களோ?"

"பலகைல தொங்குது. பாக்கத்தான் தொங்குது."

"எழுபத்தோரு வயசுல நீச்சல் தெரியாதுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க."

"நீ ஆறுதலா ஏதாவது சொல்லுவேன்னு நெனச்சேன்."

"கொட்டகைக்குப் பர்மிட் குடுக்கத்தான் எனக்குச் சம்பளம்."

ஹார்லன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு பேனாவை வாங்கி, தாளையே கிழித்துவிடுவதுபோல அழுத்தித் தன் பெயரை எழுதினார். ஏழாவது பெயர் அது. அவர் போன பிறகு ஆர்டிஸ் தட்டச்சைத் தொடரவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

மே கூட்டத்தன்று வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். லைலக் பூ வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மெர்ல் தாளை எடுத்து விரலால் எண்ணினார்.

"ஏழு. தீர்மானம் எட்டு. எனக்கும் வருத்தம்தான், ஜோலீன்."

"ஒரு வாரம் குடுங்க மெர்ல். ஒரே ஒரு ஆள்தானே."

"மே கூட்டத்துக்குள்ளன்னு இருக்கே. உன் தீர்மானம்தானே, கர்ட்?"

"ஆமாம்," என்றேன். ஜோலீன் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்ப அடுத்த விஷயத்துக்குப் போவோம்," என்றார் மெர்ல்.

"இன்னும் கூட்டம் முடியலியே," என்றாள் ஆர்டிஸ்.

எல்லோரும் திரும்பினோம். கூட்டத்தில் செயலர் பேசுவது என்றால் யாராவது ஏதாவது விதியைக் கேட்டால்தான். அவளாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கூட்டத்துக்குள்ளன்னு இருக்கு. கூட்டம் நடந்துகிட்டுதான் இருக்கு. அந்தத் தாள இப்படிக் குடுங்க."

"எதுக்கு?"

"எட்டாவது பேரு எழுதணும்."

"யார் பேரு?"

"என் பேருதான்."

மெர்ல் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர்டிஸ், உனக்கு நீந்தத் தெரியாதா?"

"தெரியாது."

"இத்தன வருஷமாவா?"

"இத்தன வருஷமாதான்."

"நகராட்சில வேல பாக்கிறவங்க சேரலாமா, என்ன? விதி இருக்கா?"

"ஊர்ல வசிக்கிறவங்க யாரும் சேரலாம்னு இருக்கு. நான் ஊர்லதான வசிக்கிறேன்." தாளை வாங்கிக்கொண்டாள். மற்ற ஏழு பெயர்களுக்குக் கீழே கோடு கோணாமல் எழுதினாள்.

மெர்ல் இன்னொரு முட்டுக்கட்டையைத் தேடிப் பிடித்தார். பொதுக் கடற்கரை எட்டு மணிக்குத்தான் திறக்கும். ஏரிக்கரை மணலைத்தான் நாங்கள் கடற்கரை என்போம். எட்டுக்கு முன்னால் யாரும் இறங்கக்கூடாது.

"அதுக்குத் தனிப் பர்மிட் குடுக்கலாம்," என்றாள் ஆர்டிஸ். "அச்சடிச்ச படிவம் இல்ல. நானே அடிச்சிடறேன்."

வகுப்புக்கும் அந்தப் பர்மிட்டுக்கும் சேர்த்து வாக்கெடுப்பு. அதில் பெயர் சொல்லிக் கேட்பது செயலரின் வேலை. ஒவ்வொருவராகக் கேட்டாள். இரண்டு சம்மதம், இரண்டு மறுப்பு. கடைசியில், "கர்ட்?" என்றாள். எல்லோரையும் கேட்ட அதே குரல்தான். என் மனக்கண்ணில் நாற்பதடிப் பலகை கரையிலிருந்து நீண்டு, வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. அதன் மேல் யாரும் நடக்கவில்லை.

"சம்மதம்," என்றேன்.

ஜூன் பத்தாம் தேதி வகுப்பு தொடங்கியது. என் வீடு படகுத்துறைக்குப் பக்கத்தில். காலையில் நாயை நடத்திக்கொண்டு கரையோரமாகப் போவேன். அந்த வருடம் ஜூன் முழுக்கக் காலையில் மூடுபனி. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதற்குள் எட்டுப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில், கையை உயர்த்திக்கொண்டு, யாரோ துப்பாக்கி நீட்டியதுபோல நிற்பார்கள். ஜோலீன் மட்டும் கழுத்துவரை உள்ளே.

ஹார்லன் இரண்டாம் நாளே மிதந்துவிட்டார். வயிறு மேலே வட்டமாகத் தெரிய, மரக்கட்டைபோல அசையாமல் கிடந்தார்.

"எப்படிப் பண்ணீங்க?" என்று மாய் கேட்டாள்.

"ஐம்பது வருஷம் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி. எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்ல," என்றார்.

ஆர்டிஸ் மூழ்கினாள். தினமும் மூழ்கினாள். ஜோலீன் கையை முதுகுக்குக் கீழே கொடுத்துப் படுக்கவைப்பாள். கையை எடுத்த மறுகணம் ஆர்டிஸ் இரண்டாக மடிந்து உள்ளே போய், இருமிக்கொண்டு எழுவாள். பர்மிட் விசாரிப்பதுபோலக் கேள்வி வேறு.

"இங்க எவ்வளவு ஆழம்?"

"உங்க சுவத்துல எழுதியிருக்கு. நாலடி."

"முதுகுக்கு அடில மீன் வந்தா?"

"வந்தா வரட்டும். அதுக்குப் பர்மிட் இருக்கான்னு கேளுங்க."

"கைய எடுக்கும்போது சொல்லிட்டு எடுப்பியா?"

"சொன்னா நீங்க தண்ணியப் பிடிக்கிறீங்க. தண்ணி பிடி குடுக்காது, ஆர்டிஸ். அது மேல படுங்க. மெத்தைல படுக்கறப்ப மெத்தையப் பிடிச்சுக்கவா செய்றீங்க?"

மூன்று வாரம் இப்படிப் போனது. ஈரத்தலையோடு அலுவலகம் வருவாள். தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் துண்டு காயும். ஊரில் சிரித்தார்கள்தான். என் கடையிலேயே ஒருவன், "செயலரம்மா இன்னிக்கு எத்தன லிட்டர் குடிச்சாங்களாம்?" என்று கேட்டான். நான் அவன் கேட்ட ஆணியைவிட நீளமான ஆணியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

இந்த நாட்களில் ஒருநாள் அவள் ஜோலீனிடம் ஒரு கனவைச் சொன்னாளாம். பல வருடமாக வருகிற கனவு. வேலை முடிந்து அலுவலகக் கதவைத் திறக்கிறாள், வெளியே தெரு இல்லை, தண்ணீர். பச்சையாக, வெயில் ஊறிய தண்ணீர். அவள் கைப்பையோடு அதற்குள் நடந்து வீட்டுக்குப் போகிறாள். மூச்சு முட்டவில்லை. எதிரே வருகிறவர்கள் தலையசைக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் விழிப்பு வந்துவிடும். "எந்திரிச்சதும் ஊருக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும். ஆனா போன ஊர் எதுன்னு தெரியாது," என்றாளாம்.

நான்காவது வாரம், வியாழக்கிழமை. நாய் முன்னால் ஓடிவிட்டதால் நான் படகுத்துறையின் நுனிவரை நடந்து வந்திருந்தேன். பனி கலையத் தொடங்கிய நேரம். தகைவிலான் குருவிகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. பனிக்குள்ளிருந்து ஏதோ மெதுவாக வந்தது. முதலில் படகு கழன்று வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு முகம் தெரிந்தது. ஆர்டிஸ். கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. நரைத்த தலைமுடி சுற்றிலும் பரவியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கிறதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு கை தூரத்தில் ஜோலீன் சத்தமில்லாமல் நீந்தி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

என் காலடிக்கு வந்ததும் ஆர்டிஸின் கண் என் மேல் விழுந்தது. நான் யார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கர்ட்," என்றாள். தூக்கத்தில் பேசுகிற குரல். "நான் எங்க இருக்கேன்?"

"படகுத்துறைகிட்ட."

"இங்க நீந்தக்கூடாதுன்னு விதி இருக்கே."

"நீ நீந்தலியே. படுத்திருக்க."

அவள் அதை யோசித்தாள் என்று நினைக்கிறேன். "அப்படியா," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லிய காற்று ஒன்று வந்து அவளைத் துறையிலிருந்து விலக்கியது. ஜோலீன் கூடவே போனாள். பனி இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது. நாய் திரும்பி வந்து என் காலைக் கவ்வி இழுக்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

பிறகு அவளே எனக்குச் சொன்னாள். காது தண்ணீருக்குள் போனதும் உலகம் கதவைச் சாத்திக்கொண்டதாம். தன் மூச்சு மட்டும் கேட்டதாம், பெரிய அறையில் யாரோ தூங்குவதுபோல. எங்கேயோ ஒரு படகின் மோட்டார் ஓடியது, அது தன் நெஞ்சுக்குள் ஓடுவதாகத் தோன்றியதாம். உடம்பு எங்கே முடிகிறது என்று தேடினாளாம். அகப்படவில்லை. "பயமா இல்லியா?" என்று கேட்டேன். "பயப்படணும்னு ஞாபகம் வரல," என்றாள்.

லைல் அந்தச் சாயங்காலம் என் கடைக்கு வந்தான். கயிறு பார்க்க வந்தவன் கயிற்றைப் பார்க்கவில்லை.

"அவ மிதக்கிறாளாமே."

"நான் பாத்தேன்."

"முப்பத்திரண்டு வருஷமா படகுல கூட்டிட்டுப் போறேன். தண்ணி ஆகாதுன்னே நெனச்சிட்டேன். கத்துக்கிறியான்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கலாம்."

"ஆறுதலா ஏதாவது சொல்லேன்டா."

"கயிறு எத்தன அடி வேணும்?" என்றேன்.

ஆறாவது வாரம் முடிந்தபோது எட்டுப் பேரும் மிதந்தார்கள். ஐந்து பேர் கொஞ்ச தூரம் நீந்தினார்கள். ஆர்டிஸுக்கு நீச்சல் பெரிதாக வரவில்லை, அதில் அவளுக்கு அக்கறையும் இல்லை. கடைசி நாள் மாய் நீளநூடுல்ஸும், ஹார்லனின் மனைவி ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட புளிப்புப் பலகாரமும் கொண்டுவந்தார்கள். மணலில் உட்கார்ந்து, உதடு நீலமாக, பல் கிட்டிக்கச் சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் கூட்டத்தில் அடுத்த வருடத்துக்கான பூங்கா நிதி வந்தது. மெர்ல் படகுத்துறையை மறுபடி எடுத்தார். எட்டுப் பேருக்காக ஒரு வகுப்பு நடத்துவது ஊருக்குக் கட்டுபடியாகாது என்றார். ஜோலீன் பேசினாள். ஹார்லன் பேசினார், பாதியில் என்ன பேச வந்தோம் என்பதை மறந்துவிட்டு உட்கார்ந்தார். நானும் பேசினேன். மே மாதம் சம்மதம் சொன்ன ஒருவர் இந்த முறை மாறிவிட்டார். மூன்றுக்கு இரண்டு, தோற்றோம். ஆர்டிஸ் முடிவை எழுதி, திருத்தமாக வாசித்துக் காட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்த பிறகு, "சங்கடமா இருக்கு, ஆர்டிஸ்," என்றேன்.

"நிதிதான் போச்சு," என்றாள் அவள். "எட்டு மணிக்கு முன்னாடி இறங்குற பர்மிட்ட யாரும் ரத்து பண்ணலியே. அது வருஷாவருஷம் புதுப்பிக்கிற பர்மிட். நான் அப்படித்தான் அடிச்சேன்."

அடுத்த வசந்தத்தில் துறை நாற்பதடி நீண்டது. நல்ல துறைதான். என் கடைக்கும் நாலு பேர் கூடுதலாக வந்தார்கள். ஜூன் பிறந்ததும் பர்மிட் புதுப்பிக்கப்பட்டது, மெர்ல் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சம்பளம் இல்லாவிட்டாலும் ஜோலீன் பாதி நாள் வந்தாள். மற்ற நாட்களில் அவர்களாகவே இறங்கினார்கள். எட்டு பன்னிரண்டாகி, ஒரு வருடம் பத்தொன்பதுவரை போனது. விதிப்படி பெயர்கள் எல்லாம் பர்மிட்டில் ஏறின.

அந்த இரண்டாவது ஜூனின் முதல் காலை நன்றாக நினைவிருக்கிறது. பனி அப்படி ஒரு பனி, நீட்டிய கை தெரியாது. நான் மணலில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து குரல்கள் மட்டும் வந்தன. யாரோ சிரித்தார்கள், யாரோ குளிருக்குக் கத்தினார்கள், யாரோ தண்ணீரைக் கையால் அளைந்தார்கள். பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் லைல். கையில் காபிக் குடுவையும் அவளுடைய செருப்பும். செருப்பை எங்கேயோ கழற்றிவிட்டுப் போயிருக்கிறாள், வழியில் பொறுக்கி வந்திருக்கிறான்.

"இதுல எது அவ குரல்?" என்று கேட்டான்.

நான் உற்றுக் கேட்டேன். தெரியவில்லை. அவனும் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு வாயைக் குவித்து, "ஆர்டிஸ்! ஆபீசுக்கு நேரமாச்சு!" என்று கூப்பிட்டான்.

சிரிப்பு நின்றது. ரொம்ப தூரத்திலிருந்து, எந்தத் திசை என்று சொல்லமுடியாத ஓர் இடத்திலிருந்து, நிதானமாகப் பதில் வந்தது.

"இதோ வரேன்."

அவள் வரவில்லை. லைல் மணலில் உட்கார்ந்தான். செருப்பை ஜோடியாகத் தண்ணீரைப் பார்த்து வைத்தான். குடுவையைத் திறந்து, மூடியில் எனக்கும் காபி ஊற்றினான். பனி மெல்ல வெளுத்து வந்தது. இரண்டு பேரும் அவசரமில்லாமல் குடித்தோம்.